எஸ், பிறகு என்டர்

டவுன்ஹால் ரோட்டுச் சந்துக் கடையில்
திரை நொறுங்கிய மடிக்கணினியைப்
பாதி விலைக்குத் தந்தார்கள்.
எதற்காகக் குறைத்தார்கள் என்று நினைத்து
வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

பழைய கணினியில் நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை
பேச்சு நின்றுபோகும்.
நாற்பத்தொன்றாவது நிமிடம்
காசு கட்டியவர்களுக்கு.
இது அப்படியில்லை,
யாரும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம்,
பக்கத்து வீட்டுக்கும் ஒரு நகல் கொடுக்கலாம் என்றார்கள்.
பென் டிரைவைச் செருகு.
ஒரு பீப் வரும்.
எஸ் அழுத்து, பிறகு என்டர்.
அப்புறம் அதுவே உன்னோடு பேசும்.

பீப் வந்திருக்கும்.
செல்லூரில், கீழே பதினாறு விசைத்தறி ஓடும் மாடியில்
பீப் வந்ததற்கு யார் சாட்சி?

"படம் தெரியாம எப்படி ஏத்துவ?" என்று
வீட்டுக்கார ஜெயக்கொடி அக்கா
பரணில் கிடந்த டிவியை இறக்கித் தந்தாள்.
படம் வரும், சத்தம் செத்த டிவி.
என்னுடையது சத்தம் வரும், படம் செத்த பெட்டி.
ஒரு வயரால் இரண்டுக்கும் முடிச்சுப் போட்டோம்.

கீழே தார் சுற்றும் இருளாயி
நைட் ஷிப்ட் இடைவேளையில் டீயோடு மேலே வருவாள்.
எட்டாவது வரை படித்த இங்கிலீஷை
எழுத்தெழுத்தாக இறக்கிவைப்பாள்.
"எஸ்... ஓ... யு... அடுத்தது ரெண்டு குச்சி, நடுவுல சாஞ்ச குச்சி...
போச்சுடி, வேற வந்துருச்சு."

மூன்று இரவு.
ஏற்றினேன், அழித்தேன், ஏற்றினேன்.
தமிழ்க் குரலைத் தேர்ந்தோம்.
ஒலியளவு நூறு.
ஆல்ட், விண்டோஸ் விசை, எஸ்.
திரைவாசிப்பான் ஓடுகிறது என்று
திரையில் எழுதியிருக்கிறதாம்.
அதைத் திரையில் எழுதி?

நாலாம் இரவு, பதினொன்றரை இருக்கும்,
கரண்ட் போனது.
பதினாறு தறியும் ஒரே மூச்சில் அடங்கின.
தெருமுனை டீக்கடையில் கிளாஸ் கழுவுவதுகூடக் கேட்டது.
இருளாயி என்னைத் தேடிக் காற்றைத் துழாவினாள்.
கொட்டிவிடப் போகிறாளே என்று
டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு
சும்மா ஒரு அம்புக்குறியைத் தட்டினேன்.

"குப்பைத்தொட்டி"
என்றது.

இன்னொருமுறை தட்டினேன்.
"வீடு" என்றது.
மூக்கடைத்த குரல்,
தகர டப்பாவுக்குள் இருந்து கூப்பிடுகிற குரல்.
நான் பேசவில்லை.
இருளாயிதான், "ஆத்தி, கரண்டு இல்லாம எப்படிடி பேசுது?"

பேட்டரி, இருபத்தாறு சதவீதம்.
அதையும் அதுவே சொன்னது.

மூன்று இரவும் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
வயர் வழியே போய்
வாய் செத்த டிவிக்குள் விழுந்து
அங்கேயே கிடந்திருக்கிறது அத்தனை வார்த்தையும்.
படம் போகிற பக்கம்தான் சத்தமும் போகுமாம்.
டிவி அணைந்தபின்
வேறு வழியில்லாமல் என்னிடம் வந்திருக்கிறது.

வாழைப்பழம் என்று தட்டெழுதினேன்.
"வாளப்பளம்" என்றது.
"நம்ம ஊருப் பிள்ளதான்" என்றாள் இருளாயி.
அவள் பெயரைத் தட்டினேன்.
அதைச் சுத்தமாகச் சொன்னது.
இன்னொருக்கா, இன்னொருக்கா என்றாள்.
வேகத்தைக் கூட்டினேன்,
கூட்டினேன்,
அவளுக்கு அது வெறும் தறிச் சத்தமாகி
எனக்கு வார்த்தையாகவே இருக்கிற இடம்வரை.

"பேட்டரி, பத்தொன்ப"

கரண்ட் வந்துவிட்டது.
கீழே தறிகள் ஒவ்வொன்றாக எழுந்தன.
"வந்துருச்சு, படம் வந்துருச்சு!" என்று
இருளாயி கைதட்டினாள்.
பெட்டியின் இடது ஓரத்தைத் தடவினேன்,
சார்ஜர், பென் டிரைவ், அதற்கடுத்து அந்த வயர்.
பிடுங்கினேன்.

"து சதவீதம்" என்று சொன்னதா,
முதலிலிருந்து ஆரம்பித்ததா,
தறிச் சத்தத்தில் தெரியவில்லை.
ஹெட்போனைத் தேடினேன்.

காலையில் டிவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.
"ஏன்டி, படம் சரியில்லையா?" என்றாள் அக்கா.
"நல்லாத்தான் இருக்காம்" என்றேன்.